ஹெட்லைட்டை மாற்றப் போகிறீர்களா? ஒரு வேலூர் வயரிங் கடைக்காரன் சொல்வது

"பாய், எதிர்ல வர்றவன் லைட்டு கண்ணைப் பறிக்குது. எனக்கும் அதே மாதிரி ஒண்ணு போட்டு விடு."

காட்பாடி ரோட்டுப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் நான் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. கோபம் நியாயம்தான். பள்ளிகொண்டாவில் ஹைவேயை விட்டுக் குடியாத்தம் ரோட்டில் திரும்பி ராத்திரியில் ஒருமுறை போய் வந்தால் யாருக்கும் அந்தக் கோபம் வரும். ஆனால் அவர் கேட்கிற பல்பை மாட்டிவிட்டால், நாளைக்கு வேறொருவர் இவரைப் பற்றி இதையே இன்னொரு கடையில் போய்ச் சொல்வார். போதாக்குறைக்கு, வழியில் நிறுத்தினால் சலான் வேறு.

வெளிச்சம் பத்தவில்லை என்று என்னிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பல்பு இல்லை. அதனால் புதுப் பல்பை டப்பாவிலிருந்து எடுக்கும் முன் பழைய லைட்டைக் கொஞ்சம் விசாரிப்போம்.

டூம், வோல்டேஜ்

ஹெட்லைட்டின் முன்பக்க மூடியைத்தான் டூம் என்கிறோம். இப்போது அது எல்லாம் பிளாஸ்டிக். நம் ஊர் வெயிலுக்கு அது சில வருஷத்தில் மஞ்சளித்துப் பால் படிந்த மாதிரி ஆகிவிடும். வெளியில் நிறுத்தும் வண்டி என்றால் இன்னும் சீக்கிரம். அந்த மங்கல் வெளிச்சத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை, நேராகப் போக வேண்டிய ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கும். உங்களுக்கு ரோடு தெரியாது, எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். பேஸ்ட் போட்டுத் தேய்க்கிற வைத்தியம் கொஞ்ச நாளைக்குத்தான். முறையாகச் செய்வதென்றால் தண்ணீர் விட்டு 1000, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பரை வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே வெயில் தாங்குகிற கிளியர் கோட் அடிக்க வேண்டும். கடைசிப் படியை விட்டுவிட்டால் அடுத்த கோடைக்குள் மஞ்சள் திரும்பிவிடும். டூமின் உள்பக்கம் நீர்த்துளி நிற்கிறது என்றால், அல்லது ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு கறுத்து உரிந்திருக்கிறது என்றால், தேய்ப்பது வீண். அசெம்பிளியையே மாற்ற வேண்டும்.

அடுத்து வோல்டேஜ். இதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். சரி, காட்டுகிறது. இப்போது ஹெட்லைட்டைப் போட்டு, பல்பு எரியும்போதே ஹோல்டரின் பின்னால் மீட்டரை வையுங்கள். பழைய வண்டிகளில் அங்கே 12 வோல்ட் கூட வராது. மிச்சம் எங்கே போனது? ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சிலும், மெலிந்த வயரிலும், துருப்பிடித்த எர்த்திலும் போனது. ஹாலஜன் பல்புக்கு, அதாவது உள்ளே இழை எரிகிற வழக்கமான ஹெட்லைட் பல்புக்கு, வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். புதுப் பல்பு வாங்கினாலும் அதே பட்டினிதான்.

வைத்தியம் சுலபம். எர்த் போல்ட்டைக் கழற்றிப் பாடியை எமரி வைத்துச் சுரண்டி மாட்டுங்கள். பிறகு ஒரு ரிலே கிட். ரிலே என்பது சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராக ஹோல்டருக்கு கரண்ட் போகும், சுவிட்ச் ரிலேவை மட்டும் தட்டும். வயரை வெட்டாமல் பழைய சாக்கெட்டிலேயே செருகுகிற கிட் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் கம்பெனி சர்வீசில் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.

இவ்வளவு செய்த பிறகும் பத்தவில்லை என்றால்தான் பல்பைப் பற்றிப் பேச்சு.

சட்டம் எதைப் பார்க்கிறது

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 105 முதல் 111 வரைக்கும் லைட் பற்றியதுதான். நாம் வாயில் எளிதாகச் சொல்கிற "பிரைட்டா இருக்கக் கூடாது" என்பது அதில் எங்கும் இல்லை. 105ஆம் விதி, 155 மீட்டர் முன்னால் இருக்கும் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் வேண்டும் என்றே கேட்கிறது. ஆக, சட்டம் வெளிச்சத்துக்கு எதிரி இல்லை.

106ஆம் விதிதான் முக்கியம். முன்பக்கம் எரியும் லைட்டின் ஒளி கீழ் நோக்கி இறங்கியிருக்க வேண்டும். எவ்வளவு? லைட்டிலிருந்து 8 மீட்டர் தள்ளி, லைட்டின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் வலப்பக்கம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவருடைய கண் இருந்தால், அந்தக் கண் கூசக் கூடாது. வலப்பக்கம் ஏன் என்றால் நம் ஊரில் எதிர் வண்டி வருவது அந்தப் பக்கம்தான். ஒன்றரை மீட்டர் என்பது சுமார் ஐந்தரை அடி உயரமுள்ள ஆள் நின்றால் அவர் கண் இருக்கிற இடம்.

இதை வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். இருட்டிய பிறகு சமதரையில் வண்டியை நிறுத்தி டேப்பைப் பிடியுங்கள். 8 மீட்டரில் சாக்பீஸ் கோடு. டிரைவர் சீட்டில் ஒரு ஆளை உட்கார வைத்து டிம்மில் லைட்டைப் போடச் சொல்லிவிட்டு, நீங்கள் போய் அந்த இடத்தில் நில்லுங்கள். லைட்டை நேராகப் பார்க்க முடிகிறதா, கண்ணைச் சுருக்காமல் பானெட்டும் நம்பர் பிளேட்டும் தெரிகிறதா? தெரிந்தால் பிழைத்தீர்கள். சட்டையின் மார்புக்கு மேலே வெளிச்சம் ஏறி முகத்தில் அடிக்கிறது என்றால், எதிரே பைக்கில் வருகிறவருக்கு ரோடே தெரியாது. எந்த விதியையும் படிக்காதவர் கூட அந்த இடத்தில் நின்று பார்த்தால் மறுபேச்சு பேசாமல் "இறக்கிடு பாய்" என்பார்.

108ஆம் விதி நிறத்தைப் பற்றியது. முன்னால் சிவப்பு எரியக் கூடாது, பின்னால் சிவப்பைத் தவிர வேறு எரியக் கூடாது. ரிவர்ஸ் லைட்டும் நம்பர் பிளேட் லைட்டும் வெள்ளையாக இருக்கலாம், இண்டிகேட்டர் ஆம்பர் நிறத்தில் இருக்கலாம். நம் மாதிரி சாதாரண வண்டிக்கு முக்கியமான விலக்கு அவ்வளவுதான். 2017 மே 1 முதல் அமைச்சர் வண்டியிலேயே சிவப்புச் சுழல்விளக்கு கிடையாது என்று ஆகிவிட்டது. அப்படியிருக்க, கொடி கட்டிய காரின் கிரில்லுக்குள் சிவப்பும் நீலமும் மின்னுகிற பட்டையை மாட்டச் சொல்லி வருகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். நான் போடுவதில்லை, அவர்கள் வேறு கடைக்குப் போகிறார்கள்.

111ஆம் விதி ஸ்பாட் லைட், சர்ச் லைட் பற்றியது. வண்டியின் முன்னால் அது கூடாது, விதிவிலக்கான சூழ்நிலையில் ஆர்.டி.ஓ. முன் அனுமதி தந்தால் தவிர. பைக் ஹேண்டிலில் மாட்டுகிற குட்டி எல்.இ.டி., ஜீப்பின் தலையில் மாட்டுகிற நீளப் பட்டை, இதெல்லாம் செக்கிங்கில் இந்த விதியின் கீழ்தான் வரும். "ஏலகிரி ஏர்றதுக்கு வேணும்" என்பார்கள். ஏலகிரியில் இருப்பது பதினான்கு கொண்டை ஊசி வளைவு. தூரத்தில் ஊசி மாதிரி அடிக்கிற ஸ்பாட் லைட் வளைவில் எதிர் மலையைத்தான் காட்டும், திருப்பத்தைக் காட்டாது. அங்கே உதவுவது அகலமாக, தாழ்வாக விழுகிற ஃபாக் லைட். அதில் தப்பில்லை: இரண்டு மட்டும், வெள்ளை அல்லது மஞ்சள், ஹெட்லைட்டை விட உயரத்தில் ஏறாமல் பம்பரில். மார்கழிப் பனியில் ஹைவேயில் போகிறவர்களுக்கும் இதுதான் கைகொடுக்கும்.

ஹாலஜன் டூமில் எல்.இ.டி. மாட்டினால் என்ன ஆகிறது

ஹாலஜனில் ஒரு வகையான ஹெச்4 பல்பு, பழையது ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் இரண்டு இழை இருக்கும். முன்னால் இருக்கும் இழையின் அடியில் கரண்டி வடிவத்தில் ஒரு சின்னத் தகடு. டிம் போட்டால் அந்த இழை எரியும். கீழ்ப்பக்கம் போகிற ஒளியைத் தகடு மறைத்துவிடும், மேல்பாதி ரிஃப்ளெக்டரில் பட்ட ஒளி மட்டும் திரும்பி ரோட்டின் மேல் விழும். சுவரில் அடித்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் கத்தியால் வெட்டின கோடு, இடப்பக்கம் மட்டும் கோடு சற்று மேலே ஏறியிருக்கும். அந்த ஏற்றம், ஓரத்தில் நடந்து போகிறவரையும் மைல்கல்லையும் காட்டுவதற்கு. இழை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் கோடு கலைந்துவிடும். ரிஃப்ளெக்டரை வடிவமைத்தவர்கள் அந்த ஒரு புள்ளியை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கடையில் விற்கிற எல்.இ.டி. பல்பில் இழைக்குப் பதில் இரண்டு பக்கமும் சிப் ஒட்டியிருக்கும். ஒளி வருகிற இடமும் கோணமும் வேறு. சுவரில் அடித்தால் கோடு இருக்காது, வெளிச்சம் மேலே வழியும். உட்கார்ந்திருப்பவருக்கு வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து அடி பளிச்சென்று இருப்பதால் "சூப்பர்" என்று தோன்றும். அந்தப் பளிச்சில் கண் சுருங்கிவிட, தூரத்தில் இருப்பது முன்னைவிடக் குறைவாகத்தான் தெரியும். பின்னால் விசிறி வேறு. அது நீட்டிக்கொண்டிருப்பதால் பல்பின் பின்பக்கத்தை மூடுகிற ரப்பர் உறையை மாட்ட முடியாது, ஓட்டை போடுவார்கள் அல்லது கழற்றி எறிவார்கள். முதல் மழையில் டூமுக்குள் தண்ணீர்.

பல்பின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அநேகம் டப்பாக்களில் 'ஆஃப் ரோடு யூஸ் ஒன்லி' என்று பொடி எழுத்தில் இருக்கும். ரோட்டில் ஓட்டுவதற்கு இல்லை என்று விற்கிறவனே எழுதிக் கொடுத்துவிட்டான். பிடிபட்டால் அவனைக் கேட்க முடியாது.

இழை இல்லாமல் வாயுவில் எரிகிற ஹெச்.ஐ.டி. கிட்டுக்கும் இதே கதைதான். கம்பெனியிலிருந்தே எல்.இ.டி.யோடு வருகிற வண்டிகளைப் பற்றி இந்தப் பேச்சு இல்லை. அங்கே அந்த சிப்புக்கென்றே லென்ஸ் செய்து, அப்ரூவல் வாங்கி வருகிறது.

100/90 வாட் ஹாலஜன், அதாவது பிரைட்டில் 100, டிம்மில் 90, இன்னொரு வகைத் தொந்தரவு. கம்பெனி கொடுப்பது 60/55. ஒரு பல்பு 100 வாட் என்றால் 12 வோல்டில் 8 ஆம்பியருக்கு மேல், இரண்டுக்கும் 16க்கு மேல். அதற்குப் போட்ட வயர் இல்லை அது. என் கடை மேஜை டிராயரில் ஒரு டப்பா நிறைய உருகிய ஹோல்டர்கள் கிடக்கின்றன. வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி, முள் ஒரு பக்கம் சாய்ந்து, வயரின் தோல் மொறுமொறுவென்று உதிரும். 100 வாட் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்வேன். தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் தேடுவதும் இந்த மாதிரி வெட்டி ஒட்டின வயரைத்தான்.

அப்படியானால் எதை மாட்டலாம்

அதே வகை, அதே வாட். ஹெச்4 இருந்த இடத்தில் 60/55 வாட் ஹெச்4. அதிலேயே நல்ல கம்பெனிகள் அதே வாட்டில் இன்னும் தூரம் அடிக்கிற பல்பு விற்கின்றன, இழையைத் துல்லியமாகச் சுற்றியிருப்பார்கள். ஆயுள் கொஞ்சம் குறைவு, விலை கூட. என்னைக் கேட்டால் ராத்திரியில் அதிகம் ஓட்டுகிறவருக்கு அது வீண் செலவில்லை. பல்பின் அடிப்பாகத்தில் வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். நீலப் பூச்சு அடித்த பல்பு வேண்டாம், பூச்சு ஒளியைத் தின்னும். பார்ப்பதற்கு வெள்ளையாக இருக்கும், மழையில் ஒன்றும் தெரியாது. ஒளியின் நிறத்தைக் குறிக்க 8000 கெல்வின் என்று பெருமையாக எழுதியிருப்பதும் அப்படித்தான்.

மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய் ஒட்டின இடம் மட்டும் அதிகம் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். பேப்பரைச் சுற்றிப் பிடியுங்கள். பல்பின் அடித்தகட்டில் நீட்டியிருக்கும் மூன்று காதுகளில் அகலமானது மேலே. காது பள்ளத்தில் சரியாக உட்கார்ந்த பிறகு கம்பி கிளிப்பைப் போடுங்கள். சாய்வாக உட்கார்ந்த நல்ல பல்பும் எல்.இ.டி. மாதிரியே எதிராளியின் கண்ணில்தான் அடிக்கும். ரப்பர் உறையில் 'டாப்' என்று எழுதியிருக்கும் பக்கம் மேலே.

முழு அசெம்பிளியையே மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிற செகண்ட் ஹேண்ட் அசெம்பிளி, வலப்பக்கம் ஓட்டுகிற நாட்டுக்குச் செய்ததாக இருந்தால் அந்தக் கோட்டின் ஏற்றம் வலப்பக்கம் இருக்கும். அதாவது நேராக எதிராளியின் முகத்தில். எவ்வளவு இறக்கினாலும் சரியாகாது. அதே மாடலின் மேல் வேரியண்டில் வருகிற புரொஜெக்டர் லைட்டை மாட்டுவது என்றால் டீலரிடமே மாட்டி பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பேச ஒரு பிடி இருக்கும்.

பைக்குக்கு வந்தால், நிறைய வண்டிகளில் ஹெச்.எஸ்.1, 35/35 வாட். பழைய பைக்குகளில் ஹெட்லைட் நேராக மேக்னட் காயிலிலிருந்து ஏ.சி.யில் எரியும், அதனால்தான் ஐடிலிங்கில் மங்கி ஆக்சிலரேட்டர் முறுக்கினால் பிரகாசிக்கும். அதில் எல்.இ.டி. போட்டால் துடிக்கும். உடனே "டி.சி. பண்ணிடலாம்" என்று வயரை வெட்டுவார்கள், பேட்டரி படுத்துவிடும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டூவீலர்களில் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரிந்துகொண்டிருக்கும். அதை அணைக்கத் தனிச் சுவிட்ச் வைத்துத் தரச் சொல்கிறார்கள். அதுவும் கம்பெனி அமைப்பை மாற்றுவதுதான், வேண்டாம். டெயில் லைட்டுக்கு மேல் கறுப்புப் புகை ஸ்டிக்கர் ஒட்டுவதும் இந்தக் கணக்குதான். பின்னால் வருகிற லாரிக்காரருக்கு நீங்கள் பிரேக் பிடித்தது தெரியாது.

லைட்டை இறக்குவது

எந்தப் பல்பு மாட்டினாலும் இந்த வேலை பாக்கி இருக்கிறது. பாதிக் கடைகளில் இதைச் செய்வதில்லை, காசு வாங்கியதும் பானெட்டை மூடிவிடுவார்கள். நீங்களே செய்யலாம்.

டயரில் காற்று சரியாக இருக்கட்டும், சீட்டில் டிரைவர் இருக்கட்டும், டிக்கியில் சாமான் வேண்டாம். வெள்ளைச் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி, சமதரையில் நேராக நிறுத்துங்கள். தரையிலிருந்து ஹெட்லைட் நடுப்பகுதி எவ்வளவு உயரம் என்று அளந்து சுவரில் அதே உயரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பானெட்டைத் திறந்தால் ஹெட்லைட் பக்கத்தில் சின்ன விளக்குப் படம் போட்டு 1.0 அல்லது 1.2 சதவீதம் என்று எழுதியிருக்கும். 1.0 என்றால் 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர், 1.2 என்றால் 12. டேப்புக்குக் கீழே அந்த அளவில் இன்னொரு டேப். டிம்மில் அந்த வெட்டுக்கோடு இரண்டாவது டேப்பில் வந்து உட்கார வேண்டும். ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும் திருகை ஸ்க்ரூ டிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஒரு பக்க லைட்டைத் துணியால் மூடிக்கொண்டு மற்றதைச் செய்தால் குழப்பம் வராது.

டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை போட்ட குட்டிச் சக்கரத்தை 0-வில் வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். அந்தச் சக்கரம் எதற்கு என்றே தெரியாமல் பத்து வருஷம் கார் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். குடும்பத்தோடு டிக்கி நிறையச் சாமான் ஏற்றி ராத்திரியில் திருப்பதிக்குக் கிளம்பினால் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், லைட்டும் தூக்கும். அப்போது 2 அல்லது 3-க்குத் திருப்புங்கள். சித்தூர் ரோட்டில் எதிரே வருகிறவர் டிம் அடித்துக் கேட்பது இதைத்தான்.

லாரி, டிராக்டர்

லாரிக்காரர்களுக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழ் சோதனை இருப்பதால் அவர்களுக்கு இதெல்லாம் தெரியும். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷா வருஷம். எஃப்.சி. அன்று காலையில் எல்.இ.டி.யைக் கழற்றி ஹாலஜன் மாட்டி, சாயங்காலம் திரும்ப மாற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு நான் ஆள் இல்லை.

டிராக்டர் விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை. அரவைக் காலத்தில் திருவலம் பக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிரெய்லர்களின் பின்னால் ஒரு சிவப்பு லைட்கூட எரிவதில்லை. கரும்பு நீட்டிக்கொண்டு ரிஃப்ளெக்டரையும் மறைத்துவிடும். முன்னால் மட்டும் டிரைவர் தலைக்கு மேலே வெள்ளை ஃபோகஸ் லைட், சில வண்டியில் பின்னால் திரும்பியும் ஒன்று. பின்னால் வெள்ளை எரிந்தால், வருகிறவர் எதிரே வண்டி வருகிறது என்று நினைத்துவிடுவார். டிரெய்லருக்கு ஏழு பின் சாக்கெட்டும் இரண்டு டெயில் லைட்டும் மாட்டுவது பெரிய செலவில்லை. லைட்டைக் கரும்புக் கட்டுக்குக் கீழே, சேஸில் கம்பிக்கூண்டு வைத்து மாட்டினால் உடையாது. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப்பும் ஒட்டுங்கள், கரண்ட் போனாலும் அது வேலை செய்யும்.

நிறுத்தினால்

நிறுத்துகிறவர் இரண்டு வகை. டிராஃபிக் எஸ்.ஐ. ஒருவர், நாம் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று சொல்கிற மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர். கிரீன் சர்க்கிளில் நிறுத்தினாலும் ஆந்திரா எல்லை தாண்டி நிறுத்தினாலும் விதி ஒன்றுதான், ஏனென்றால் இது மத்திய விதி. "அங்கே விட்டாங்க" என்பது வாதமாகாது.

"எந்த மீட்டர் வச்சு அளந்தீங்க?" என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. பலிக்காது. ரோட்டோரத்தில் யாரும் வெளிச்சத்தை அளப்பதில்லை. விசிறி நீட்டிக்கொண்டிருக்கும் பல்பு, கூடுதலாக மாட்டின பட்டை, நீல நிறம், இவை வெறும் கண்ணுக்கே தெரியும். சொல்லப்போனால் எனக்கு இருக்கிற வருத்தமே அதுதான். பைக் பையனின் குட்டி லைட் சட்டென்று கண்ணில் படுகிறது, தூக்கி வைத்த ஹை பீமோடு போகிற பெரிய வண்டி ஓடிக்கொண்டே இருப்பதால் தப்பித்துவிடுகிறது.

ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ காட்டலாம், செல்லும். சலான் போட்டால் எந்தப் பிரிவு என்று படித்துப் பாருங்கள், ஏனென்றால் தொகையில் பெரிய வித்தியாசம். பொதுவான விதிமீறலுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 177: முதல் முறை 500 ரூபாய், அதற்கு மேல் 1,500. வண்டியில் அனுமதி இல்லாத பாகத்தை மாட்டி மாற்றம் செய்தது என்று எழுதினால் 182ஏ(4): சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய், அல்லது இரண்டும். ஓட்டினவர் யாராக இருந்தாலும் இந்தப் பிரிவு பிடிப்பது உரிமையாளரை. மகன் மாட்டின லைட்டுக்கு அப்பா பெயரில் சலான் வருவது இப்படித்தான். 2022 அக்டோபரில் தமிழ்நாடு கூடுதல் அபராதங்களை அமல்படுத்திய பிறகு பழைய நூறு ரூபாய்க் கணக்கெல்லாம் போய்விட்டது. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. "இந்த லைட்டுக்கு ஆர்.டி.ஓ.கிட்ட எழுதிக் கொடுத்து பர்மிஷன் வாங்கிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

முன்பெல்லாம் நிறுத்தி ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். பழைய கண்ணாடி லைட்டுக்கு அது சரி. இப்போதைய பிளாஸ்டிக் டூமில் சூடு தங்கி அந்த இடம் பொசுங்கும், கோடும் கலையும். யாராவது ஒட்டியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவைத்து எடுங்கள், பிளேடு வைக்காதீர்கள்.

சலான் வந்துவிட்டால் இ-சலான் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள், ஸ்பாட்டில் எடுத்த படமும் பிரிவும் அதில் இருக்கும். தப்பு நம்முடையது என்றால் கட்டிவிடுங்கள். விட்டு வைத்தால் அது வண்டி நம்பரிலேயே நிற்கும், விற்கப் போகும்போதோ எஃப்.சி.க்குப் போகும்போதோ மறிக்கும். கட்டின கையோடு லைட்டையும் மாற்றுங்கள், பழைய ஹாலஜன் பல்பைக் கடைக்காரரிடம் விட்டு வந்திருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒன்றைப் பேப்பரில் சுற்றி டாஷ்போர்டில் போட்டு வைத்தால், ராத்திரியில் ஒரு பக்க ஹெட்லைட் போகும்போது வாணியம்பாடி வரைக்கும் கடை தேடி அலைய வேண்டாம்.